மடியில் கட்டிய காந்தமும் சம்பந்தியின் தாம்பாளமும்

உலோகங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு காலத்தில் நான் முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கை மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அதாவது லயத்துக் காம்பராவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்கறிக்கு மூட்டிய அடுப்பிலேயே வெந்து போனது. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை. அன்றைக்கு என் மகள் கலாவுக்குப் பரிசம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது அதே கலாதான். (சில எடத்துல பேனாவ வச்சிட்டுச் சிரிக்கிறா. கத இழுக்குதுன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.)

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்கு இடம் கிடைக்காது. வெண்கலத்தை விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடும். பித்தளை ‘டொங்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டுமே செம்பில் கலந்து செய்வது, ஒன்றில் வெள்ளீயம், மற்றதில் துத்தநாகம் என்பதெல்லாம் பின்னால் என் மருமகன் சொல்லித்தான் தெரியும். ஆனால் வெண்கலம் கல்லில் விழுந்தால் மண்பானை மாதிரி விரிசல் விடும் என்பது எனக்கு முன்னமே தெரியும். (எங்க மாமியாரோட வெண்கலப் பானையப் போட்டு ஒடைச்சுத்தான் கத்துக்கிட்டேன். அது வேற கத. அதுல எனக்கு அடி விழுந்துச்சு, இதுல விழல.) பித்தளை விழுந்தால் நசுங்கும், உடையாது. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்து மறந்தால் சட்டி கறுத்து, குழம்பில் ஒரு மாதிரி ருசி ஏறும். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் இரண்டு தோசைக்கல் கிடைக்கும், இரண்டும் பாதி.

இவ்வளவும் என் கைக்குத் தெரியும். அந்த நாளில் லயங்களுக்குள் புதிதாக ஏறிக்கொண்டிருந்த எவர்சில்வர் மட்டும் என் கைக்குப் பிடிபடவில்லை. சுண்டினாலும் ஒன்றும் சொல்லாது, புளி போட்டாலும் முகம் மாறாது. அதற்குத்தான் காந்தம் வந்தது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என்னை இடையில் ஸ்டோருக்குள் போட்டார்கள். (தேயில பெக்டரிய நாங்க ஸ்டோருன்னுதான் சொல்றது.) தூள் சலிக்கிற அறையில் வேலை. மெஷினில் தேய்ந்து விழுகிற இரும்புப் பொடி, ஆணி, கம்பித் துண்டு எல்லாம் தேயிலையோடு கலந்து வரும். அதைப் பிடிக்க அங்கே காந்தம் வைத்திருப்பார்கள். தூள் அதன் மேலாக ஓடும். இரும்பெல்லாம் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒட்டியது குப்பை. ஒட்டாதது நல்ல தேயிலை, பெட்டியில் ஏறிச் சீமைக்குப் போகும். அந்த அறையிலேயே நின்று நின்று உலகமும் அப்படித்தான் என்று எனக்கு ஆகிவிட்டது. காந்தம் பிடித்தால் கெட்டது, பிடிக்காவிட்டால் நல்லது. ஸ்டோருக்குப் புதுக் காந்தம் வந்ததும், குதிரை லாடம் மாதிரி வளைந்த பழையதை, ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா எனக்குக் கொடுத்துவிட்டார். (கேட்டுத்தான் வாங்குனேன். மடியில மறைச்சுக் கொண்டு வரல. மடிக்கு அது பின்னாலதான் வந்துச்சு.)

அதன் பிறகு எங்கள் லயத்தில் யார் பதுளைக்குப் பாத்திரம் வாங்கப் போனாலும் நானும் கூடப் போனேன். தட்டை எடுப்பேன், காந்தத்தை வைப்பேன், ஒட்டாவிட்டால் ‘எடுங்க’ என்பேன், ஒட்டினால் கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பேன். என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் நடுங்குவதாக வீட்டில் வந்து சொல்வேன். (நடுங்கல. ஒருத்தர் மட்டும் ஸ்டூலு போட்டு டீ வாங்கிக் குடுத்தாரு.)

பக்கத்துக் காம்பரா ராக்கம்மா லயத்துக்கு வந்த வியாபாரியிடம் ஒரு சோடி வளையல் வாங்கினாள். தங்கம் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறான். நான் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. தங்கந்தான், தைரியமாகப் போடு என்றேன். கொஞ்ச நாளில் அவள் மணிக்கட்டு இரண்டும் பச்சையாகிவிட்டன. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது என்று அப்போதாவது என் மண்டைக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வளையலில் பிழையில்லை, உன் வேர்வைதான் சரியில்லை, பாகற்காய் சாப்பிடு என்று வைத்தியம் சொன்னேன். அவளும் பாவம், பாகற்காய்க் காலம் முடியும்வரை சாப்பிட்டாள்.

இனிக் கலாவின் விஷயம். பதுளைக்குத் தையல் பழகப் போய்வந்தாள். தையல் வகுப்புக்கு எதிரே ஒரு லேத் பட்டறை. அங்கே யோகன் என்று ஒரு ஹல்துமுல்லைப் பையன் வேலை செய்தான். தையல் மெஷின் ஊசிக்கட்டை உடைந்தால் அங்கேதான் கொண்டு போவார்கள். கலாவின் மெஷின் மட்டும் அடிக்கடி உடைந்ததாம். (இந்தா, பேனாவ வச்சிட்டா.) அதற்கு முன் கேட்டு வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் சுவரைப் பார்த்து நின்ற பெண், யோகன் வீட்டிலிருந்து கேட்கிறார்கள் என்றதும் தரையைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் இனிமேல் என்னிடம் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். அப்பனைப் போல.

யோகனுக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் அவன் அம்மா செல்லம்மாதான். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். காலையில் தோட்டத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு அவர் வந்து நின்றால் கங்காணியே ஒரு அடி தள்ளி நிற்பாராம். அப்படிப்பட்ட சம்பந்தி வருகிறார் என்பதால் கலா முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் காந்தத்தக் கையில எடுக்காதீங்க.”

“நான் ஏன்டி கையில எடுக்கப் போறேன்?”

கையில் எடுக்கவில்லை. சேலை மடியில் முடிந்துகொண்டேன். சபைக்கு முன்னால் ஒன்றும் செய்கிற எண்ணம் எனக்கு இல்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளே தனியாகத் தட்டுகளுக்கு ஒரு தடவை வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். எங்கள் தோட்டத்து ரோட்டைப் பார்த்ததும் வேன் டிரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நின்றுவிட்டார். மிச்சத் தூரம் தாம்பாளங்களைத் தலையில் வைத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள்ளே நடந்து வந்தார்கள். இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும் என்று டிரைவர் சொல்லியனுப்பியிருந்தார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டு மாற்றிப் பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் ஹல்துமுல்லையில் கிளம்பிய சனம், கோழிக்கறி வாசத்தை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தது.

நடுவில் என் குத்துவிளக்கு. கதிர்காமம் போனபோது வழியில் வாங்கியது. வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் கை நோகத் தேய்ப்பேன். செல்லம்மா அதைப் பார்த்து நல்லா இருக்கு என்றதும் என் வாய் தானாகத் திறந்தது. அசல் பித்தளை, எங்கள் வீட்டில் கலப்பு என்கிற பேச்சே கிடையாது என்றேன். (பித்தளையே கலப்புதான் அத்தைன்னு மருமகன் பிற்பாடு சொன்னாரு. அன்னைக்கு மரியாதைக்குப் பேசாம இருந்திருக்காரு.)

நேரம் வந்தது. செல்லம்மா பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் கூறைச் சேலை, வெற்றிலை, பழம் எல்லாம் வைத்து எழுந்து நின்று என்னிடம் நீட்டினார். நான் குனிந்து இரண்டு கையாலும் வாங்கி இடுப்போடு அணைத்தேன்.

‘டக்.’

தாம்பாளம் என் இடுப்பில் ஒட்டிக்கொண்டது. விளக்குக்கு முன்னால் அதை இறக்கி வைக்க வேண்டும். இறக்கினேன், இடுப்பும் கூடவே இறங்கியது. நிமிர்ந்தேன், தாம்பாளமும் நிமிர்ந்தது. வாழைப்பழம் உருண்டது. ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்தேன், சேலைக் கொசுவம் கழன்றுவிடும் போல வந்தது.

“என்ன மதினி, கீழ வைக்க மனசு வரலியா?” என்றார் செல்லம்மா. சபை சிரித்தது. அந்த இடத்தில் நானும் சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் பலம் கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். மடி அவிழ்ந்து, தாம்பாளத்துக்கு அடியில் லாடம் மாதிரி தொங்கிக்கொண்டு காந்தம் வெளியே வந்தது.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கதவுத் திரைக்குப் பின்னால் கலா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தூள் சலிக்கிற அறை எனக்குள்ளே எழுந்து நின்று பேசிவிட்டது.

“இது எவர்சில்வர் இல்லீங்க மதினி. இரும்பு.”

“என்னா சொன்னீங்க?”

“ஒட்டுதுல்ல. ஒட்டுனா இரும்புதான். மேல முலாம் பூசியிருக்கான். ஒங்கள எவனோ ஏமாத்திட்டான்னுதான் சொல்றேன்.”

“வாங்குனது என் மவன். லேத்துல நிக்கிறவன்கிட்ட இரும்பக் குடுத்து ஏமாத்த முடியுமா?”

யோகன் மெதுவாக வாயைத் திறந்தார். “அத்த, எவர்சில்வர்ல ரெண்டு மூணு சாதி இருக்கு. நிக்கல் சேத்தது காந்தத்துல ஒட்டாது. சேக்காதது ஒட்டும். கத்தி செய்யிறதும் ஒட்டுற சாதிதான். ஆனா எதுவும் லேசுல துருப்புடிக்காது.”

இரும்பைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா என்கிற மாதிரி நான் ஏதோ சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டார். அவர் அம்மா மூடவில்லை. தாம்பாளத்திலிருந்து காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராக என் குத்துவிளக்குக்குப் போனார். நான் அதற்கு ஒருநாளும் காந்தம் வைத்துப் பார்த்ததில்லை. சாமி விளக்கைச் சந்தேகப்படுவதா?

‘டக்.’

காந்தம் விளக்கின் தண்டில் உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது. வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராக்கம்மா, “வெளக்குக்கு வேர்வ சரியில்லயோ என்னமோ,” என்றாள்.

விளக்கு நிற்பதற்கு உள்ளே ஒரு கம்பி இருக்கும், அதுதான் ஒட்டுகிறது என்று நான் சாதித்தேன். அப்படியென்றால் தன் தாம்பாளத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்றார் செல்லம்மா. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்.

“மீனுக்குப் போடுற கொறக்காப் புளியும் உப்பும் போட்டு ரெண்டையும் அவிப்போம். எது துருப்புடிக்குதுன்னு பாப்போம். என் தட்டு துருப்புடிச்சா நான் பேசாம என் மவனக் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிர்றேன்.”

என் விளக்கு துருப்பிடித்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த அவமானத்துக்குப் பிறகு எந்தத் தாய் சம்பந்தம் செய்வாள்? இரண்டில் எது துருப்பிடித்தாலும் போகப்போவது கலாவின் கல்யாணம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரை அசைந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஏற்றிய விளக்கை அணைக்கக் கூடாது என்று பெரியவர்கள் குறுக்கே வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு தேங்காய் மூடியில் எண்ணெயும் திரியும் போட்டுச் சுடரை அதற்கு மாற்றினார். விளக்கின் பாதத்தைக் கழற்றினோம். கோழிக்கறி அடுப்பை விட்டு இறங்கியது, பெரிய அலுமினிய அண்டா ஏறியது. கறி இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டுச் சனத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

அடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் செல்லம்மா. ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் காவல். ஈர விறகு. புகையில் இரண்டு பேருக்கும் கண்ணீர் கொட்டுகிறது. வெளியே இருந்தவர்கள் சம்பந்திகள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள் என்று நினைத்தார்களாம். கொஞ்ச நேரத்தில் உப்புப் பற்றாது என்றார் அவர். நான் ஒரு பிடி போட்டேன். இன்னும் வேண்டும் என்றார். போதும் மதினி, இதற்கு மேல் போட்டால் கரிக்கும் என்றேன். குடிக்கப் போகிற மாதிரிதான் பேசினேன். அவர் உதடு ஒரு பக்கம் துடித்தது. உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர் பாதியாய் வற்றியதும் அவர் தாம்பாளத்தை எடுத்துக் கழுவினார். என் முகம் அதில் நன்றாகத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு நான் என் விளக்கின் பாதத்தை எடுத்தேன். மஞ்சள் நிறம் திட்டுத் திட்டாகப் போய், சில இடம் செம்பு மாதிரி சிவந்து, சில இடம் கரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நானே தேய்த்து மெலிய வைத்திருந்த முலாம். மிச்சத்தைக் கொறக்காய் பார்த்துக்கொண்டது. துணியால் துடைத்து வைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்திலிருந்து செங்கல் பொடி தூவினாற்போல் துரு பூக்க ஆரம்பித்தது.

கீழே ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. செல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் செருப்பைத் தேடினார். என் வீட்டுக்காரர் என் பக்கமாகக் குனிந்து, “ஏதாவது பேசு புள்ள,” என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னைப் பேசச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் விளக்கின் பாதத்தைத் திரும்பவும் துணியால் துடைத்தேன்.

அப்போது திரை விலகியது. கூப்பிடாமல் பெண் சபைக்கு வரக் கூடாது. கலா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. செல்லம்மா கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி, தன் புதுச் சேலை முந்தானையால் துடைத்தாள். சிதறிக் கிடந்த வெற்றிலையையும் பழத்தையும் பொறுக்கி வைத்தாள், கூறைச் சேலையை மடித்து மேலே வைத்தாள். திரும்பவும் செல்லம்மா கையிலேயே கொடுத்தாள்.

“அத்த, எல்லாருக்கும் பசிக்குது. தட்ட மாத்திருங்க.”

செல்லம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று பின்னால் நான் கேட்டிருக்கிறேன். பசிதான், வேறொன்றும் இல்லை என்றார். (நான் நம்பல.) முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு அடுப்பங்கரையில் பிடித்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. யோகன் சிரித்தார், தாய்மாமன் ஒரு செருப்போடு சிரித்தார், அதற்குப் பிறகு எனக்கும் தாங்கவில்லை.

“சரி. ஆனா சீதனம் ஒண்ணு கேப்பேன்,” என்றார் செல்லம்மா.

என் வீட்டுக்காரர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

“நக நட்டு ஒண்ணும் வேணாம். அந்தக் காந்தத்தக் குடுத்துருங்க. அது ஒங்க மடியில இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கத்துல ஒரு மனுசர் நிம்மதியா ஒரு சட்டி வாங்க முடியாது.”

தட்டு மாற்றினோம். வெற்றிலையெல்லாம் கொறக்காய் வாசம். கோழிக்கறியை மறுபடி சூடு காட்டி, எல்லாரும் கை நனைத்து, சட்டி வழித்துச் சாப்பிட்டார்கள்.

கல்யாணத்தில் சீர்வரிசையோடு காந்தமும் ஹல்துமுல்லைக்குப் போனது. ராக்கம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வெற்றிலை மேல் உட்கார்த்தி, அவள் கையாலேயே ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். மகளுக்குக் காந்தம் சீதனம் கொடுத்த குடும்பம் இந்த ஊவா மாகாணத்தில் நாங்கள் ஒன்றாகத்தான் இருப்போம். சில வருஷம் கழித்து மருமகன் சொந்தமாகப் பட்டறை போட்டார். இப்போது அங்கே தரையில் விழுகிற இரும்புச் சீவலைக் கூட்ட அதைத்தான் வைத்திருக்கிறார். பித்தளைச் சீவல் ஒட்டாது, தனியாகக் கிடக்கும், அதைத் தனியாக அள்ளலாமாம். என்னிடம் இருந்தபோது அது இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

செல்லம்மாவும் நானும் இப்போது ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள். ஆனால் காதுகுத்து, கல்யாணம், சடங்கு, எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் இந்தக் கதையைத்தான் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளரும். முதலில் விளக்கு துருப்பிடித்தது. பிறகு இரண்டாக உடைந்தது. ஒரு கல்யாணத்தில் நான் மயங்கி விழுந்தேன். போன தடவை, பேரன் காதுகுத்தில், நான் அவர் காலில் விழுந்து சம்பந்தம் கேட்டேனாம். நான் விழவில்லை. தாம்பாளம் இடுப்போடு ஒட்டியதால் குனிந்தேன், அவ்வளவுதான். அப்படிச் சொன்னால், நான் விழுந்தேனா இல்லையா என்று அங்கே இருக்கிற எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அதில் பாதிப் பேர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. ஆனாலும் கண்ணால் பார்த்தோம் என்கிறார்கள்.